மூன்றாவது வரி

அட்டை கடித்தது என்று நாகலெட்சுமி இரண்டு வருஷம் பொய் சொன்னாள்.

கொழுந்து எடுக்கும் பெண்ணின் கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தால், இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. மழைக்கு அட்டை வரும், அட்டை கடித்தால் ரத்தம் வரும். தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு மலையில் வேலை பார்த்து நின்ற கங்காணி அவள் காலைப் பார்த்துவிட்டு, "சவுக்காரம் தேச்சுட்டு வரலியா நாகலெட்சுமி?" என்று கேட்டு, பையிலிருந்த உப்புப் பொட்டலத்தை நீட்டுவார். அவள் வாங்கிக்கொள்வாள். தேயிலை மறைவில் போய்க் குந்தி, ஊறிப்போன துணியை எடுத்து வேறு துணி வைத்து, உப்பை மண்ணில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து நிரையில் நிற்பாள். அந்த மலை முழுக்கத் தேடினாலும் ஒரு கக்கூஸ் கிடையாது. துரை பங்களாவில் மட்டும் ஐந்தாம்.

வெயில் காலத்தில்தான் சிக்கல். மாசி வெயிலில் எந்த அட்டை வந்து கடிக்கும்? அப்போது அவள் கொழுந்து எடுக்கையில் சேலைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் மஞ்சள் படங்குத் துணியை வீட்டில் வைத்துவிட்டு, கறுப்புப் படங்கு ஒன்றைத் தேடி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நாற்பத்து நான்கு வயது அவளுக்கு. மகள் நிஷாந்தியை உடப்புசல்லாவையில் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். வீட்டில் அவளும் புருஷன் மாயாண்டியும்தான். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பெயர். குழாயடியில் வரிசை தப்பினால் கேட்பாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பிராவில் கொடுக்கும் பால் தண்ணியாக இருந்தால், தனக்கு அங்கே பிள்ளை இல்லாவிட்டாலும் போய்க் கேட்பாள். ஊருக்கெல்லாம் கேட்ட அந்த வாய், சொந்த உடம்பு விஷயத்தில் மட்டும் அட்டையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மூடிக்கொண்டது. வெட்கம்தான், வேறென்ன.

வயிறு ஐந்து மாதம் போலத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையில் மூன்று கட்டிகள், பெரியது ஒரு மாங்காய் அளவு. புற்று இல்லை, பயப்பட வேண்டாம், ஆனால் இந்த அளவுக்கு வளர்ந்து இவ்வளவு ரத்தமும் போவதால் கருப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். எடுப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் நாகலெட்சுமி எழுந்து வந்துவிட்டாள். மாயாண்டி பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஒருக்கா வெட்டுனது போதும்," என்றாள் பஸ்ஸுக்கு நின்றபோது. "இன்னொருக்கா வெட்ட நான் ஒடம்பு தரமாட்டேன்."

அவளுக்கு இருபத்தைந்து வயதில் நடந்தது அது. இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கொழுந்து ஏற்றும் லொறி லயத்துக்கு வந்து நின்றது. சாக்கு விரித்துப் பதினொரு பெண்களை ஏற்றினார்கள். உடம்பைப் பார்த்து மருந்து கொடுப்பார்கள் என்றுதான் சொன்னார்கள். போன இடத்தில் ஒரு கடுதாசியில் கையெழுத்துக் கேட்டார்கள். கடுதாசி சிங்களத்தில் இருந்தது. நாகலெட்சுமிக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், ஒரு எழுத்து வாசிக்க வராது. பேனா கொடுத்தவன் பேனாவைத் திரும்பப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தான். இனிப் பிள்ளை பிறக்காது என்பது திரும்பி வரும்போது, லொறியில் பக்கத்தில் கிடந்த பெண் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தழும்பு இன்னும் தொப்புளுக்குக் கீழே கிடக்கிறது.

அதனால் அவள் நாட்டு மருந்துக்குப் போனாள். போனதை யாரும் மடத்தனம் என்று சொல்லிவிட வேண்டாம். இங்கிலீஷ் மருந்து அவளிடம் ஒரு முறை களவாண்டிருக்கிறது.

லயத்தின் கடைசியில், தொங்கல் வீட்டில் இருந்த மீனம்மாதான் வழி சொன்னாள். "கழற்சிக்காய இடிச்சு, மொளகு சேத்து, மோருல கலக்கிக் குடி. எங்க சின்னம்மாவுக்குக் கட்டி இருந்த எடமே தெரியாம போச்சு," என்றாள். ஹட்டனில் நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய் வாங்கி வந்தார்கள். ஓடு உடைக்க மாயாண்டி சுத்தியல் தூக்கினான். வாயில் வைக்க முடியாத கசப்பு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பிறகு அசோகப்பட்டைக் கஷாயம். பிறகு ஆமணக்கெண்ணெயில் நனைத்த துணியைச் சூடாக அடிவயிற்றில் போட்டுக்கொள்வது. அந்த ஒத்தடம் வலிக்கு இதமாக இருந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. எள்ளும் கருப்பட்டியும் தின்றால் கெட்ட ரத்தம் கழிந்துவிடும் என்று வேறொருத்தி சொன்னாள். தின்றாள். நல்ல ரத்தமும் சேர்ந்து கழிந்தது. நிஷாந்தி தன் பங்குக்கு போனில் வீடியோக்கள் அனுப்பினாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் தொண்ணூறு நாளில் கட்டி கரையும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்குக் கருப்பையா இருக்கிறது, சிரிப்பதற்கு?

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. கட்டி எதற்கும் மசியவில்லை.

ஒரு நாள் பத்து மணி தேத்தண்ணிக்கு முன்னால், சரிவில் நின்றவள் அப்படியே சாய்ந்தாள். கூடை உருண்டு கொழுந்தெல்லாம் தண்ணி ஓடும் கானில் கொட்டியது. ஓடி வந்து தூக்கிய பெண்கள் கறுப்புப் படங்குக்குக் கீழே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணி உப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாராம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். கண் விழித்தபோது மாயாண்டி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். இருபத்தாறு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"வேணாம் லெச்சுமி. கருப்பை போனா போவுது. நீ இரு," என்றான்.

அவள் சரி என்றாள். மனசு வந்து சொல்லவில்லை, கோபத்தோடுதான் சொன்னாள். ஆனால் சொன்னபடி நிற்பவள். டாக்டர் மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: ரத்தம் பத்துக்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி வைக்க முடியாது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். தாதி ஒருத்தி காகித உறையில் மாத்திரையைப் போட்டு, அதன் மேல் சிங்களத்தில் மூன்று வரி எழுதி, "காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு" என்று சொல்லி நீட்டினாள்.

நாகலெட்சுமி ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. விடியுமுன் எழுந்தால் அடுப்பில் வைப்பது தண்ணி, அது கொதித்தால் தேத்தண்ணி. லயத்தில் கொதித்த தண்ணியை வெறுமனே குடிப்பவர் யார்? மாத்திரை வாயில் துருப்பிடித்த ஆணி போல வாடை அடித்தது. பால் விடாத கடுஞ்சாயத்தோடு முழுங்கினால் அந்த வாடை தெரியவில்லை. காலையில் ஒரு குவளை சாயத்தோடு ஒன்று, ராத்திரி ரொட்டி தின்று ஒரு குவளை சாயத்தோடு ஒன்று. முருங்கைக்கீரை வாங்கினாள், பீட்ரூட் வாங்கினாள், ஈரல் வாங்கினாள். கஷாயத்தையும் விடவில்லை.

தேதிக்குப் போனாள். ஏழு புள்ளி ஒன்பது. திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த தேதிக்குப் போனாள். எட்டு புள்ளி ஒன்று. உறையில் எழுதிக் கொடுத்த அதே தாதி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "மாத்திரைய வீசுறீங்கதானே? தோட்டத்து ஆளுங்க எல்லாம் இப்படித்தான். அடுத்த தடவையும் பத்து இல்லாட்டி பேரை வெட்டிருவாங்க. பின்னால ஆயிரம் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

"ஒண்ணுகூட வீசல மிஸ்ஸி," என்றாள் நாகலெட்சுமி.

"பொய் சொல்ல வேணாம்."

அட்டை கடித்தது என்று பொய் சொன்னபோதெல்லாம் ஊர் நம்பியது. உண்மையைச் சொன்ன நாளில் பொய்க்காரி ஆனாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். இனி ஒரே ஒரு தேதிதான். அதுவும் போனால் மலையில் எந்தச் சரிவில் விழப்போகிறோமோ என்ற எண்ணம் அவளை அரித்தது.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வெத மாத்தயா இருக்கிறார், ரத்தம் ஊற மருந்து தருவார் என்று கேள்விப்பட்டு மாயாண்டி கூட்டிப் போனான். பரம்பரையாக நாட்டு வைத்தியம் பார்க்கும் சிங்களக் குடும்பம். மாத்தயாவுக்கு இவள் வயதுதான் இருக்கும். மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றவர், கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாடி பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். ஸ்கேன் கடுதாசியை வாசித்தார்.

"இது என்னோட கஷாயத்துல கரையாது அக்கா," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். "கரையும்னு சொல்ற ஆள்கிட்ட போக வேணாம். டாக்டர் சொன்னது சரி, ஆப்பரேசன் செய்ங்க."

"அதுக்குத்தான் ரெத்தம் வேணும்ங்கிறாங்க மாத்தயா. எட்டு மாசமா மாத்திரை போடுறேன், ஏறவே மாட்டேங்குது."

"எதோட குடிக்கிறது?"

"என்னாது?"

"மாத்திரைய. எதோட முழுங்குறது?"

"தேத்தண்ணியோட."

 மாத்தயா கை நீட்டி, மாத்திரை உறை இருந்தால் தரச் சொன்னார். அவள் பைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாசித்துவிட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னார். "காலையில ஒண்ணு. ராத்திரி ஒண்ணு. இந்த மூணாவது வரி, தேத்தண்ணி, பாலோட குடிக்க வேணாம்னு இருக்கு. யாரும் சொல்லலியா?"

மாத்திரையில் இருக்கும் இரும்பைச் சாயம் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்று அவர் விளக்கினார். எல்லாப் பழியும் தேத்தண்ணி மேல் இல்லை, ரத்தம் போய்க்கொண்டும் இருக்கிறது, ஆனால் போவதை நிரப்ப வேண்டிய மருந்து பாதி வழியிலேயே நின்றுபோயிருக்கிறது என்றார். தண்ணியோடு போடச் சொன்னார், கூடவே நெல்லிக்காய் தின்னச் சொன்னார், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் சாயம் கூடாது என்றார். கஷாயத்தை நிறுத்தச் சொன்னார், ஒத்தடம் மட்டும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்றார். வேறு மருந்து எதுவும் தரவில்லை.

மாயாண்டிக்கு ஒரே சந்தோஷம். வழி கிடைத்துவிட்டதென்று திரும்பத் திரும்பச் சொன்னான். நாகலெட்சுமி கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தாள். எட்டு மாதம். ஒரு நாளைக்கு இரண்டு. அந்த உறையை அவள் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று. எழுதியவளுக்கு இரண்டு வரி வாயால் சொல்ல முடிந்தது, மூன்றாவது வரியைச் சொல்ல வாய் வலித்துவிட்டதா? அப்புறம் பொய் சொல்கிறாள் என்று வேறு.

வீட்டுக்கு வந்ததும் கேத்தலைக் கழுவி, வெறுந்தண்ணி கொதிக்கவைத்து ஆறவிட்டாள்.

அடுத்த மாதம்தான் தோட்டத்தில் அந்தக் கூத்து நடந்தது. பெண்களுக்கு ரத்தசோகை அதிகம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிள்ளைக்காம்பிராவுக்கு முன்னால் பந்தல் போட்டார்கள், பேனர் கட்டினார்கள், துரை வந்து கதிரையில் உட்கார்ந்தார். எழுபது பெண்களுக்கு ஆளுக்கொரு பை. பைக்குள் ஒரு அட்டை இரும்புச்சத்து மாத்திரை, தோட்டத்துப் பெயர் அச்சடித்த ஒரு தேயிலைப் பாக்கெட். ஆளுக்கொரு கப்பில் தேத்தண்ணியும் வந்தது.

நலன்புரி உத்தியோகத்தர் யோகேஸ்வரன் மைக்கைப் பிடித்தார். நல்ல மனசுக்காரர், யாரையும் மரியாதை இல்லாமல் பேசாதவர். "எல்லாரும் முதல் மாத்திரைய இப்ப ஒண்ணா போடப் போறோம். கப்ப கையில எடுங்க. போட்டோ எடுக்கணும்," என்றார்.

எழுபது பெண்களும் மாத்திரையைப் பிதுக்கினார்கள்.

"போடாதீங்க," என்றாள் நாகலெட்சுமி.

"என்னாங்க நாகலெட்சுமி?"

"தேத்தண்ணியோட போடாதீங்கன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா போனா மாத்திரை ஒடம்புல சேராது. எட்டு மாசம் குடிச்சு ஏமாந்தவ நான். மீனம்மாக்கா, கப்ப கீழ வைங்க."

யோகேஸ்வரன் மைக்கை மூடிக்கொண்டு அருகில் வந்தார். "அது கொஞ்சம் கொறையும்தான். இன்னிக்கி ஒரு நாளைக்கி, போட்டோவுக்கு..."

நாகலெட்சுமி அவர் முகத்தையே பார்த்தாள். "அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

அவர் மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார்.

"தெரியுமாங்க ஐயா?"

"பயிற்சியில சொன்னாங்க."

"தெரிஞ்சிக்கிட்டா எங்களுக்குச் சொல்லாம இருந்தீங்க?"

"தேயிலத் தோட்டத்துல நின்னுக்கிட்டு, தேத்தண்ணி குடிக்காதீங்கன்னு நான் எப்புடிங்க சொல்றது?" என்றார் யோகேஸ்வரன், துரையின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

நாகலெட்சுமிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. தெரியாதவர்கள் சொல்லாமல் விட்டதையாவது ஒரு பக்கம் தள்ளிவைக்கலாம். "குடிக்காதீங்கன்னு யாரு சொல்லச் சொன்னா? மாத்திரைக்கு முந்தியும் பிந்தியும் ரெண்டு மணி நேரம் விடுங்கன்னு சொல்ல என்னா கேடு? நாங்க பறிக்கிற கொழுந்துதான். எங்களுக்குத் தெரியாம அத வச்சே எங்க ரெத்தம் ஊற விடாம நிறுத்துறீங்க. சரி, விடுங்க. இப்ப தண்ணி குடுங்க. தண்ணியோட போடுறோம், போட்டோவும் எடுங்க."

தண்ணி எடுக்க ஒருத்தி குழாயடிக்குப் போனாள். குழாய் காலையிலிருந்தே காற்றுத்தான் விட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைக்காம்பிரா ஆயாவிடம் கேட்டார்கள். இருந்த தண்ணி எல்லாம் தேத்தண்ணிக்குப் போய்விட்டது என்றாள். எழுபது பேருக்குச் சாயம் ஊற்றிய இடத்தில் ஒரு குவளை பச்சைத்தண்ணி இல்லை. துரை என்ன சத்தம் என்று சிங்களத்தில் கேட்டார். யோகேஸ்வரன் வாய் திறக்குமுன் நாகலெட்சுமியே சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள், குழாய் உட்பட. துரை தலையை ஆட்டினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து போனார். பையைத் தூக்கிப் பிடித்தபடி பெண்கள் நின்ற ஒரு போட்டோ எடுத்தார்கள். நாகலெட்சுமி அதில் நிற்கவில்லை. மீனம்மா பிதுக்கிய மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். வழியில் நாகலெட்சுமி பக்குவம் சொல்லிக்கொண்டே வர, மெதுவாகக் கேட்டாள்.

"நெல்லிக்கா எத்தன திங்கணும் புள்ள?"

மூன்றாவது தேதிக்கு நாகலெட்சுமி தனியாகவே உள்ளே போனாள், மாயாண்டியை வெளியே உட்காரவைத்துவிட்டு. விரலில் குத்தி எடுத்த ரத்தத்துக்கு முடிவு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பத்து புள்ளி நான்கு.

அதே தாதிதான். கடுதாசியைப் பார்த்தாள், முதல் தடவையாக முகத்தையும் பார்த்தாள். "இந்தத் தடவ ஒழுங்கா போட்டீங்க போல."

"எல்லாத் தடவையும் ஒழுங்காத்தான் போட்டேன் மிஸ்ஸி," என்றாள் நாகலெட்சுமி. பழைய காகித உறையை எடுத்து மேசையில் வைத்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். "நீங்கதான் இத ஒழுங்கா சொல்லல."

தாதி அந்த வரியைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, அவசரமாக வேறொரு கடுதாசியை எடுத்து நீட்டி, பேனாவையும் தந்தாள். "ஆப்பரேசனுக்குச் சம்மதம். கீழ கையெழுத்து வைங்க."

இரண்டு பக்கம். சிங்களம். நாகலெட்சுமி பேனாவை வாங்கிக்கொண்டாள், கையெழுத்து வைக்கவில்லை.

"வாசிச்சுக் காட்டுங்க."

"நேரமில்ல அம்மா. பின்னால எவ்வளவு பேர் நிக்கிறாங்க பாருங்க."

"பாத்தேன். நிக்கட்டும்."

"டாக்டர் எல்லாம் சொன்னார்தானே?"

"சொன்னாரு. கடுதாசியில என்னா இருக்குன்னு சொல்லல. ஒங்களுக்கு நேரமில்லாட்டி, தமிழ்ல வாசிச்சுச் சொல்ல வேற ஆளு யாராச்சும் இருந்தா கூப்புடுங்க. இருபத்தஞ்சு வயசுல வாசிக்காம ஒண்ணுல கையெழுத்து வச்சேன் மிஸ்ஸி. இன்னொன்னுல வைக்க மாட்டேன்."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொருத்தி, கூடைக்கயிறு தழும்பு நெற்றியில் தெரிந்த ஒரு கிழவி, "வாசிக்கட்டும், நாங்க நிக்கிறோம்," என்றாள். தாதி எழுந்து போய், பக்கத்து வார்டிலிருந்து லோஜினி என்ற இளம் தாதியைக் கூட்டி வந்தாள். லோஜினி கடுதாசியை வாங்கி, ஒரு முறை கண்ணால் ஓட்டிவிட்டு, "கருப்பைய எடுக்கிறதுக்குச் சம்மதம்னு போட்டிருக்கும்மா, அவ்வளவுதான்," என்றாள்.

"அவ்வளவுதான்னா எதுக்கு ரெண்டு பக்கம்?" என்று நாகலெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பேனா அவள் கையிலேயே இருந்தது. "மொத வரியில இருந்து வாசிங்க தாயி."

லோஜினி முதல் வரியை வாசித்தாள், இரண்டாவது வரியை வாசித்தாள். அதற்குள் தாதி பேனாவுக்குக் கையை நீட்டினாள். நாகலெட்சுமி பேனாவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மூணாவது வரி."